கடல் நட்சத்திரங்களின் பெயர்ச் சரித்திரம்

கோயம்புத்தூரிலிருந்து பொள்ளாச்சிக்குச் செல்லும் பெருஞ்சாலையில், பொன்மலைக் குன்றின்மேல் வேலாயுதசுவாமி எழுந்தருளியிருக்க, அடிவாரத்தில் தக்காளிச் சந்தையும் தென்னந்தோப்புகளுமாகப் பரந்து கிடக்கும் கிணத்துக்கடவு, கடற்கரை அறியாத ஊர். ஆயினும் கொங்கு நாடு சமுத்திரத்தோடு தொடர்பற்ற நாடாக எக்காலத்திலும் இருந்ததில்லை. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் அகழ்ந்தெடுத்த சங்கு வளையல் துண்டுகளும், கோவைக்கு அருகே வெள்ளலூரில் புதையலாகக் கிடைத்த ரோமானிய நாணயங்களும், பாலக்காட்டுக் கணவாயின் வழியாகக் கடற்கரைப் பொருள்கள் இந்நாட்டினூடே சென்று வந்தமைக்குச் சாட்சி கூறுகின்றன. இன்றைக்கும் ராமேசுவர யாத்திரை சென்று திரும்புவோர் பிரசாதத்தோடும் தீர்த்தத்தோடும் சங்கு, சோழி முதலியவற்றை வாங்கி வருவது வழக்கம். அவற்றுடன் சில வீடுகளுக்கு உலர்ந்த நட்சத்திர மீன் ஒன்றும் வந்து சேர்ந்து, கண்ணாடி அலமாரியில் இடம் பெற்றுவிடுகிறது.

அவ்வாறு வருபவற்றுள் ஐந்து தடித்த கரங்களும், அவற்றின்மேல் கூம்பு போன்ற முண்டுகளும் உடைய நட்சத்திர மீன் ஒன்று உண்டு. உயிரோடு கடலடியில் கிடக்கும்போது வெளிறிய சாம்பல் நிற உடலின்மேல் இரத்தச் சிவப்பான முண்டுகளும், அவற்றை இணைக்கும் சிவப்புக் கோடுகளுமாக மிகுந்த சோபையுடன் விளங்கும் இப்பிராணி, உலர்ந்தபின் அந்த வர்ணத்தை இழந்து, கூட்டின் உருவத்தை மட்டும் மிச்சமாகக் கொண்டிருக்கும். மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் கடற்புல் வளர்ந்த ஆழமற்ற தரைகளில் வாழும் இதற்கு விஞ்ஞானிகள் இட்டு வழங்கும் பெயர் புரோட்டோரியாஸ்டர் லிங்கி என்பதாகும். அப்பெயருக்குப் பின்னே, அடைப்புக்குறிக்குள், பிளேன்வீல் என்ற மனிதரின் பெயரும் 1830 என்ற ஆண்டும் எழுதப்படும். லைப்சிக் நகரத்து மருந்துக்கடைக்காரர் ஒருவர், பாரிஸ் நகரத்துப் பேராசிரியர் ஒருவர், ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து ஆராய்ச்சியாளர் ஒருவர் ஆகிய மூவருடைய உழைப்பு இந்த ஒரே பெயரில் அடங்கியிருக்கிறது. நம் கடலில் பிறந்த ஜீவன் எவ்வாறு இம்மூவரின் கைவழியாக இப்பெயரைப் பெற்றது என்று ஆராயப் புகுந்தால், உயிர்களை வகுத்து அறியும் சாஸ்திரம் முந்நூறு ஆண்டுகளாக நடந்து வந்த பாதை முழுவதும் நம் கண்முன் விரியும்.

பெயரின் வரலாற்றைக் காணுமுன் பெயருக்குரிய பிராணியின் ஸ்வரூபத்தைச் சிறிது அறிந்துகொள்வது அவசியம். நட்சத்திர மீனுக்குத் தலையில்லை, மூளையில்லை, முன்புறம் பின்புறம் என்ற பேதமும் இல்லை. வாய் உடலின் அடிப்பக்கத்து நடுவில் இருக்கிறது. அவ்வாயிலிருந்து ஒவ்வொரு கரத்தின் நுனிவரை ஒரு பள்ளம் ஓடுகிறது. அப்பள்ளத்தில் வரிசை வரிசையாக மெல்லிய குழாய்க்கால்கள் நூற்றுக்கணக்கில் அமைந்திருக்கின்றன. உடலின் மேற்புறத்திலுள்ள சல்லடை போன்ற ஒரு தட்டோடு தொடர்புடைய நீர்க்குழாய்கள் உடலெங்கும் பரவியிருக்க, அவற்றிலுள்ள நீரின் அழுத்தத்தால் இக்கால்கள் நீண்டும் சுருங்கியும் பிராணியை நகர்த்துகின்றன. தோலுக்குள்ளே சுண்ணாம்புத் தகடுகளாலான சட்டகம் இருக்கிறது. கரம் ஒன்று அறுந்துபோனால் அதே இடத்தில் மற்றொரு கரம் வளரும். ஒவ்வொரு கரத்தின் நுனியிலும் ஒளியை உணரும் புள்ளி ஒன்று உண்டு. சிப்பியின் மூடிகளைச் சற்றே திறக்கச் செய்து, தன் இரைப்பையையே வெளியே பிதுக்கி அவ்விடுக்கினுள் செலுத்தி, உணவை அங்கேயே ஜீரணித்துக்கொள்ளும் வழக்கமும் சில இனங்களுக்கு உண்டு. முத்துச்சிப்பிப் பார்களை ஆராய்ந்தவர்கள் நட்சத்திர மீன்களைச் சிப்பியின் சத்துருக்களுள் ஒன்றாகக் கணக்கிட்டதற்கு இதுவே காரணம்.

இத்தகைய விசித்திர அமைப்புள்ள ஜீவனை எந்த வகுப்பில் சேர்ப்பது என்ற வினா, கற்றறிந்தோரை நெடுங்காலம் திகைக்கச் செய்ததில் வியப்பில்லை. கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டில் தம்முடைய பிராணி நூலில் இதனை ஆஸ்டர் என்று குறிப்பிட்டார். பதினாறாம் நூற்றாண்டில் பிரெஞ்சு வைத்தியர் ரோந்தலே கடல்வாழ் ஜந்துக்களைப் பற்றி எழுதிய நூலில் நட்சத்திர மீன்களின் சித்திரங்களைச் சேர்த்தார். ஆயினும் இப்பிராணிகளுக்கென்றே தனி நூல் எழுதும் பாக்கியம் லைப்சிக் நகரில் மருந்துக்கடை நடத்திவந்த யோஹான் ஹைன்ரிஹ் லிங்க் என்பவருக்கே வாய்த்தது. அக்காலத்து மருந்துக்கடைக்காரர்கள் பலர் தூர தேசங்களிலிருந்து வந்த மூலிகைகளையும் கற்களையும் ஜந்துக்களையும் சேகரித்துத் தம் இல்லங்களில் காட்சிசாலைகள் அமைத்திருந்தனர். அத்தகைய பெரும் சேகரிப்புக்கு உரியவரான லிங்க், 1733ஆம் ஆண்டில் கடல் நட்சத்திரங்களைப் பற்றி லத்தீன் மொழியில், நுணுக்கமான சித்திரத் தகடுகளோடு கூடிய ஒரு நூலை வெளியிட்டார்.

அந்நூலின் பெருமை அதன் சித்திரங்களோடு நின்றுவிடவில்லை. நட்சத்திர உருவமுடையவற்றையெல்லாம் ஒன்றாகக் குவித்து வைக்காமல், கரத்தின் அடிப்புறத்தில் பிளவு உடையவை என்றும், பிளவு இல்லாதவை என்றும் லிங்க் இரண்டாகப் பிரித்தார். குழாய்க்கால்கள் அமைந்த பள்ளம் திறந்திருப்பவை முதல் பிரிவு. பாம்பு போல் நெளியும் மெல்லிய கரங்களையுடைய நொறுங்கு நட்சத்திரங்களும் அவற்றின் சுற்றமும் இரண்டாம் பிரிவு. உள்ளுறுப்புகளின் வேலையை யாரும் சரிவர அறிந்திராத காலத்தில், வெறும் கண்ணால் நோக்கியே ஒரு மனிதர் கண்ட இந்தப் பேதம், இன்றைய விஞ்ஞானம் அவ்விரண்டையும் தனித்தனி வகுப்புகளாகப் பிரித்து வைப்பதோடு ஏறக்குறைய ஒத்திருக்கிறது. வேல்ஸ் நாட்டு அறிஞர் எட்வர்டு லூயிட் முன்பே எழுதியிருந்த கடல் நட்சத்திரக் கட்டுரையையும் லிங்க் தம் நூலில் சேர்த்து அச்சிட்டார். பிற்காலத்தில் லூயிடின் பெயர், சேறும் மணலும் கலந்த தரையில் புதைந்து வாழும் லூயிடியா என்னும் பேரினத்துக்குச் சூட்டப்பட்டது. நம் கரையோரத்து இழுவலைகளில் சிக்கும் புள்ளி நட்சத்திரமான லூயிடியா மாகுலாட்டா அப்பேரினத்தைச் சேர்ந்ததே.

லிங்கின் நூல் வெளிவந்து இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 1758ஆம் ஆண்டில், சுவீடன் தேசத்துக் கார்ல் லின்னேயஸ் தம்முடைய இயற்கை முறைமை என்னும் பெருநூலின் பத்தாம் பதிப்பை வெளியிட்டார். ஒவ்வொரு பிராணிக்கும் பேரினப் பெயர் ஒன்றும் சிற்றினப் பெயர் ஒன்றுமாக இரண்டே சொற்களில் பெயரிடும் முறை விலங்குலகம் முழுமைக்கும் அந்நூலில்தான் ஒருசீராகக் கையாளப்பட்டது. ஆனால் பெயரிடும் முறையில் ஒப்பற்று விளங்கிய லின்னேயஸ், நட்சத்திர மீன்களின் வகைப்பாட்டில் லிங்கைவிடப் பின்தங்கியே நின்றார். நட்சத்திர மீன்கள், நொறுங்கு நட்சத்திரங்கள், கூடை நட்சத்திரங்கள், இறகு நட்சத்திரங்கள் ஆகிய அனைத்தையும் அஸ்டீரியாஸ் என்ற ஒரே பேரினத்துள் அடக்கி, அப்பேரினத்தைப் புழுக்கள் என்ற பெருவகுப்பில், நத்தை போன்ற மெல்லுடலிகளுக்குப் பக்கத்தில் வைத்தார். பாலூட்டிகள், பறவைகள், நீர்நில வாழ்வன, மீன்கள், பூச்சிகள் ஆகிய ஐந்திலும் அடங்காதவை அனைத்தும் அவருக்குப் புழுக்களே.

எனினும் 1758ஆம் ஆண்டு விலங்குகளின் நாமகரணத்துக்குத் தொடக்க எல்லையாகப் பிற்காலத்தில் சர்வதேச விதிகளால் நிர்ணயிக்கப்பட்டது. அதற்கு முந்திய பெயர் எத்துணைப் பொருத்தமானதாயினும் சட்டப்படி செல்லாது. ஆதலால் லிங்க் தம் நூலில் இட்ட பெயர்கள் தாமாக உரிமை பெறாமல் போயின. முண்டுகளையுடைய பெரிய நட்சத்திரங்களுக்கு அவர் வழங்கிய பென்டாசெரோஸ் என்ற பெயர் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை ஆசிரியர்கள் பலரால் எடுத்தாளப்பட்டும், இறுதியில் நட்சத்திர மீனுக்கு நிலைக்கவில்லை. பிரெஞ்சு விலங்கியல் அறிஞர் கூவியே இட்டதன் வழியாக இன்று அது ஒருவகை மெய்யான மீன்களின் பேரினப் பெயராக விளங்குகிறது. லிங்கின் பெயரோ வேறு வழியில் வாழ்வு பெற்றது. பிரெஞ்சு அறிஞர் பிளேன்வீல் 1830இல் நம் சிவப்பு முண்டு நட்சத்திரத்துக்கு லிங்கின் பெயரைச் சிற்றினப் பெயராகச் சூட்டினார். வெனிஸ் நகரத்து நார்தோ என்பவர் 1834இல் நீல நட்சத்திரம் முதலியவற்றுக்கு லிங்கியா என்ற பேரினத்தை அமைத்தார். தாம் இட்ட பெயர்களை இழந்த மனிதர், பிறர் இட்ட பெயர்களில் நிலைத்து நிற்கிறார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி, லின்னேயஸ் ஒன்றாகக் கட்டிவைத்ததைப் படிப்படியாகப் பிரித்தெடுத்த காலமாகும். பிரான்சின் லாமார்க் நொறுங்கு நட்சத்திரங்களை ஓபியூரா என்னும் பேரினமாகத் தனியே பிரித்தார். நட்சத்திர மீன்களுக்கான ஆஸ்டிராய்டியா என்ற வகுப்புப் பெயர் பிளேன்வீலுக்கு உரியது. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் பணிபுரிந்த ஜான் எட்வர்டு கிரே 1840இல் பல புதிய பேரினங்களை வகுத்தார். பெர்லினைச் சேர்ந்த யோஹானஸ் முல்லரும் டிராஷெலும் 1842இல் நட்சத்திர மீன்களின் முறைமையை முழுமையாகத் தொகுத்து நூலாக்கினர். டான்சிக் நகரத்துக் கிளைன் 1734இல் கடல் முள்ளெலிகளுக்கென வழங்கிய எக்கினோடெர்மாட்டா என்ற பெயர், காலப்போக்கில் நட்சத்திர மீன், நொறுங்கு நட்சத்திரம், கடல் முள்ளெலி, கடல் அட்டை, கடல் அல்லி ஆகிய ஐந்து கூட்டத்தாரையும் தழுவிய பெருந்தொகுதியின் பெயராக விரிந்தது. நம் பாடநூல்கள் முட்தோலிகள் என்று குறிப்பது இத்தொகுதியையே.

ஆனால் இம்முட்தோலிகளுக்கு உறவினர் யார் என்பதில் ஒரு பெரும் மயக்கம் நீடித்தது. நடுப்புள்ளியிலிருந்து கதிர்கள்போல் உறுப்புகள் பரவியிருப்பதை மட்டும் கருதி, கூவியே 1817இல் நட்சத்திர மீன்களையும் கடற்சொறிகளையும் பவளப் பூச்சிகளையும் கதிருடலிகள் என்ற ஒரே பிரிவில் சேர்த்தார். கடற்சொறிக்கு உடலுள் ஒரே குழி. நட்சத்திர மீனுக்கோ தனிக் குடலும், தனி உடற்குழியும், நீர்க்குழாய் அமைப்பும் உண்டு. இப்பேதத்தைச் சுட்டிக்காட்டி, 1847இல் ஜெர்மானிய அறிஞர் லாய்க்கார்ட் இரண்டையும் பிரித்து வைத்தார். உருவ ஒற்றுமை உறவுக்குப் பிரமாணமாகாது என்ற உண்மையை இதைவிடத் தெளிவாக உணர்த்தும் நிகழ்ச்சிகள் விலங்கியல் சரித்திரத்தில் சிலவே.

உறவின் உண்மையைக் கடைசியில் வெளிப்படுத்தியது நட்சத்திர மீனின் குழந்தைப் பருவம். நார்வே நாட்டு மைக்கேல் சார்ஸ் 1835இல் கடல்நீரில் மிதந்த, கண்ணாடி போன்ற ஒரு சிறு ஜந்துவைக் கண்டு, அதனைத் தனிப் பிராணி என்று கருதி பிப்பின்னேரியா என்று பெயரிட்டார். அது நட்சத்திர மீனின் இளம்பருவமே என்பது பின்னர் விளங்கிற்று. பெரிய நட்சத்திர மீனுக்கு இடம் வலம் என்ற பேதம் இல்லாதிருக்க, இந்த இளம்பருவத்துக்கு நம்மைப் போலவே இடப்பக்கமும் வலப்பக்கமும் சமமாக அமைந்திருக்கின்றன! மேலும், கருவில் முதன்முதலாகத் தோன்றும் துவாரம் முட்தோலிகளில் வாயாக அமைவதில்லை. அது மலவாயாகி, வாய் பின்னரே உண்டாகிறது. முதுகெலும்புள்ள பிராணிகளிலும் இதே கிரமம். இதனைக் கொண்டு ஆஸ்திரிய அறிஞர் குரோபென் 1908இல் இவ்விரு கூட்டத்தாரையும் ஒரே பெரும் கிளையில் வைத்தார். ஆகவே புழுக்களோடு சேர்க்கப்பட்டிருந்த நட்சத்திர மீன், ஈக்கும் நண்டுக்கும் நத்தைக்கும் இருப்பதைவிட மனிதனுக்கு நெருங்கிய உறவினன் என்ற முடிவுக்கு விஞ்ஞானம் வந்து சேர்ந்தது. பிற்காலத்து மரபணு ஆராய்ச்சிகளும் இம்முடிவையே உறுதிப்படுத்தியிருக்கின்றன.

வகுப்புக்கு வெளியே உறவு தெளிந்துவந்த காலத்திலேயே, வகுப்புக்கு உள்ளே வரிசைகளை அமைப்பதில் இருவேறு நெறிகள் தோன்றின. நட்சத்திர மீன்களின் தோலில் சிறு இடுக்கிகள் பல உண்டு. மேலே படியும் அழுக்கையும் ஒட்ட வரும் சிற்றுயிர்களையும் பற்றி அகற்றுவது அவற்றின் தொழில். முட்தோலிகளின் இவ்வுறுப்புகளைப் பதினெட்டாம் நூற்றாண்டில் டென்மார்க் தேசத்து ஓ. எஃப். முல்லர் ஒட்டுண்ணிகள் என்று எண்ணி அவற்றுக்குத் தனிப் பிராணிப் பெயரே இட்டிருந்தார். பாரிஸ் நகரத்து எட்மோன் பெரியேர், அந்த இடுக்கிகளின் அமைப்பே உறவைக் காட்டும் சிறந்த அடையாளம் என்று கொண்டு, 1884இல் வரிசைகளை வகுத்தார். இங்கிலாந்தின் பெர்சி சிலேடன், 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிவந்த சாலஞ்சர் கப்பலின் சேகரிப்புகளை ஆராய்ந்து, 1889இல் வெளியிட்ட பேரறிக்கையில், கரங்களின் ஓரத் தகடுகள் வெளிப்படையாகத் தெரிகின்றனவா மறைந்திருக்கின்றனவா என்பதையே பிரதானமாகக் கொண்டார். அகன்ற ஓரத் தகடுகள் மணலில் புதைந்து வாழும் வாழ்க்கையை ஒட்டிப் பல குலங்களில் தனித்தனியே தோன்றக்கூடியவை என்பது பிற்பாடு உணரப்பட்டதால், இன்றைய வரிசைகள் பெரும்பாலும் பெரியேர் போட்ட அடித்தளத்தின் மேலேயே எழுந்திருக்கின்றன. நம் சிவப்பு முண்டு நட்சத்திரம் அவற்றுள் வால்வாட்டிடா என்ற வரிசையைச் சேர்ந்தது.

முண்டு நட்சத்திரங்களுக்கு முல்லரும் டிராஷெலும் 1842இல் ஓரியாஸ்டர் என்ற பேரினப் பெயரை வழங்கியிருந்தனர். ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து லூட்விக் டோடெர்லைன் அப்பேரினத்தை நுணுகி ஆராய்ந்து, அட்லாண்டிக் கடலில் வாழ்பவற்றுக்கு மட்டும் அப்பெயரை நிறுத்தி, இந்துமகா சமுத்திரத்திலும் பசிபிக்கிலும் உள்ளவற்றை 1916இல் புரோட்டோரியாஸ்டர், பென்டாசெராஸ்டர் முதலிய புதிய பேரினங்களாகப் பிரித்தார். ஒரு சிற்றினம் அதற்கு முதலில் பெயரிட்டவர் வைத்த பேரினத்திலிருந்து வேறொன்றுக்கு மாற்றப்பட்டால், முதற்பெயரிட்டவரின் பெயரை அடைப்புக்குறிக்குள் எழுதவேண்டும் என்பது விதி. பிளேன்வீலின் பெயர் அடைப்புக்குறிக்குள் நிற்பதற்குக் காரணம் அதுவே. பேரினப் பெயரில் டோடெர்லைனும், சிற்றினப் பெயரில் லிங்கும், அடைப்புக்குறியில் பிளேன்வீலும் ஆக மூவரும் ஒரே வரியில் கூடியிருக்கும் வரலாறு இவ்வாறு முற்றுப்பெறுகிறது.

இவ்வளவும் ஐரோப்பிய நகரங்களில் நடந்தனவேயாயினும், அவ்வறிஞர்களின் மேஜைமீது இருந்த ஜந்துக்களில் பல நம் கடல்களிலிருந்து சென்றவையே. 1885ஆம் ஆண்டில் சென்னை அரசாங்கப் பொருட்காட்சிசாலையின் மேற்பார்வையாளராக வந்த எட்கர் தர்ஸ்டன், தூத்துக்குடியிலும் ராமேசுவரத்திலும் தங்கிக் கடல்வாழ் பிராணிகளைச் சேகரித்தார். தூத்துக்குடியில் அவர் சேர்த்த முட்தோலிகளை பிரிட்டிஷ் மியூசியத்து ஜெஃப்ரி பெல் ஆராய்ந்து 1888இல் அறிக்கை வெளியிட்டார். இலங்கையில் சரசின் என்னும் சுவிட்சர்லாந்து ஆராய்ச்சியாளர் இருவர் சேகரித்தவற்றை டோடெர்லைன் ஆராய்ந்தார். நம் கரைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் மணல் நட்சத்திரமான அஸ்ட்ரோபெக்டன் இன்டிகஸ் அவர் பெயரிட்டதே. கடல் அளவைப் பணிக்கென இயங்கிய இன்வெஸ்டிகேட்டர் கப்பலில் வைத்தியராகவும் இயற்கை ஆராய்ச்சியாளராகவும் சென்ற ஆல்காக், வங்காள விரிகுடாவிலும் அரபிக் கடலிலும் ஆழ்கடல் நட்சத்திரங்களை எடுத்து 1893இல் விவரித்தார். அக்கப்பலின் சேகரிப்புகளையும் கல்கத்தா இந்தியப் பொருட்காட்சிசாலையிலிருந்த பிறவற்றையும் பிரான்சின் லியோன் நகரத்துக் கோலர் 1909, 1910ஆம் ஆண்டுகளில் இரு பெரும் பகுதிகளாக வெளியிட்டார்.

அதன்பின் ஆராய்ச்சியின் இருப்பிடமே நம் கரைக்கு வரத் தொடங்கியது. பாம்பனுக்கு அருகிலுள்ள குருசடைத் தீவின் கரையோரப் பிராணிகளை ஆராய்ந்து, கிரேவ்லியின் தலைமையில் சென்னைப் பொருட்காட்சிசாலை 1927இல் வெளியிட்ட தொகுதி, இக்கரையின் உயிர்களைப் பயில்வோருக்கு இன்றும் கைநூலாக உதவுவது. 1947இல் தோன்றிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், 1971இல் கொச்சிக்கு மாறும்வரை மண்டபத்தையே தலைமையிடமாகக் கொண்டிருந்தது. அந்நிலையத்தின் விஞ்ஞானி டி. பி. ஜேம்ஸ், இந்தியக் கடல்களின் முட்தோலிகளை அடையாளம் காண்பதிலும் அவற்றின் வாழிடங்களை விவரிப்பதிலும் பல ஆண்டுகள் உழைத்தார். தூத்துக்குடி முதல் ராமேசுவரம் வரையுள்ள 21 தீவுகளைத் தழுவி 1986இல் மன்னார் வளைகுடாக் கடல் தேசியப் பூங்கா அமைந்தபோது, அங்கே எந்தெந்த உயிர்கள் வாழ்கின்றன என்று கூறுவதற்கு இத்தகையோர் தொகுத்த பட்டியல்களே ஆதாரமாக இருந்தன.

பெயர் என்பது ஆய்வுக்கூடத்துக்குள் மட்டும் வழங்கும் சம்பிரதாயம் என்று எண்ணுவோருக்கு முள்முடி நட்சத்திரத்தின் வரலாறு தக்க விடையாகும். விஷமுள்ள முட்களால் மூடப்பெற்று, பதினைந்துக்கு மேற்பட்டும் அமையக்கூடிய கரங்களையுடைய இப்பிராணி, பவளத்தைத் தின்று வாழ்வது. இதன் தொகை திடீரெனப் பெருகும்போது ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டுப் போன்ற இடங்களில் பரந்த பவளப் பரப்புகள் வெளுத்த எலும்புக்காடாகிவிடும். நம் லட்சத்தீவுகளிலும் அந்தமானிலும் இது உண்டு. அம்போய்னாத் தீவிலிருந்த ரம்பியஸ் 1705இலேயே பதினைந்து கதிர்களையுடைய நட்சத்திரம் என்று இதனை விவரித்திருந்தார். 1743இல், கோவாவிலிருந்து சென்ற ஒரு மாதிரியை, பிளாங்கஸ் என்ற லத்தீன் பெயரால் எழுதிவந்த ரிமினி நகரத்து வைத்தியர் பியாங்கியும், குவால்தியேரியும் சேர்ந்து சித்திரத்தோடு வெளியிட்டனர். லின்னேயஸ் 1758இல் அச்சித்திரத்தை ஆதாரமாகக் கொண்டு, பிளாங்கஸின் பெயராலேயே இதற்கு அஸ்டீரியாஸ் பிளான்சி என்று பெயரிட்டார். பிற்பாடு அகாந்தாஸ்டர் என்ற பேரினத்துக்கு மாற்றப்பட்ட இது, செங்கடல் முதல் பசிபிக்கின் கோடி வரை அகாந்தாஸ்டர் பிளான்சி என்ற ஒரே பெயரால் நெடுங்காலம் வழங்கப்பட்டது.

2008ஆம் ஆண்டில் ஃபோக்லர் முதலிய ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்கள் பல கடல்களிலிருந்து கிடைத்த முள்முடி நட்சத்திரங்களின் மரபணுக்களை ஒப்பிட்டபோது, ஒன்றெனக் கருதப்பட்டது உண்மையில் நான்கு கிளைகள் என்றும், அவை பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டவை என்றும் தெரியவந்தது. செங்கடலில் ஒன்று, இந்துமகா சமுத்திரத்தின் வடபகுதியில் ஒன்று, தென்பகுதியில் ஒன்று, பசிபிக்கில் ஒன்று. அப்படியாயின் பிளான்சி என்ற பழம்பெயர் இந்நான்கில் எதற்கு உரியது? நிலத்தின் உரிமையில் வழக்கு எழுந்தால் மூலப்பத்திரத்தை எடுத்துப் பார்ப்பது கொங்கு நாட்டுக் குடியானவர் எவரும் அறிந்த நியாயம். பெயருக்கும் அத்தகைய மூலப்பத்திரம் ஒன்று உண்டு: முதற்பெயர் எந்த மாதிரியை வைத்து இடப்பட்டதோ, அம்மாதிரியும் அது கிடைத்த இடமுமே அது. பிளாங்கஸ் கண்ட மாதிரி இன்று எங்குமில்லை. எனினும் கோவா என்ற இடக்குறிப்பு எஞ்சியிருந்தது. ஹாஸ்ப்ரூனாரும் ஸ்பீஸும் 2014இல் பழைய பெயர்கள் அனைத்தையும் ஆராய்ந்து, பிளான்சி என்ற பெயர் இந்துமகா சமுத்திரத்தின் வடபகுதியிலுள்ள, அதாவது நம் கடலிலுள்ள, இனத்துக்கே உரியது என்று காட்டினர்.

இதன் விளைவைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியக் கரையில் பவளத்தைத் தின்னும் நட்சத்திரத்தைப் பற்றி பிளான்சி என்ற பெயரால் எழுதப்பட்ட எண்ணிறந்த கட்டுரைகள், நம் கடலிலுள்ளதைப் பற்றியவை அல்ல என்றாகிவிட்டது. பசிபிக்கிலுள்ளதற்கு சோலாரிஸ் என்ற பழைய பெயர் இப்பொழுது தயக்கத்தோடு வழங்கப்படுகிறது. தெற்கிலுள்ளதற்கு மொரீசியஸ் தீவின் பெயர் உரியதாயிற்று. செங்கடலிலுள்ளதோ பெயரின்றி நின்று, 2022இல்தான் அகாந்தாஸ்டர் பென்சியை என்று ஜான் பென்சி என்னும் விஞ்ஞானியின் பெயரைப் பெற்றது. ஓரிடத்தில் இப்பிராணியின் இனப்பெருக்கம், உணவு, பெருக்கத்தின் காரணம் ஆகியவற்றைப் பற்றிக் கண்டறிந்ததை மற்றோரிடத்துக்கு அப்படியே பொருத்தலாகாது என்ற எச்சரிக்கை இதனால் பிறக்கிறது. லட்சத்தீவின் பவளத்தைக் காக்க விரும்புவோர், லட்சத்தீவின் நட்சத்திரத்தையே நேரில் ஆராய்ந்தாக வேண்டும்.

வகைப்பாடு முடிந்துபோன காரியம் அன்று என்பதற்கு இன்னுமொரு சான்றும் உண்டு. நியூசிலாந்துக் கரைக்கு அப்பால், ஆயிரம் மீட்டருக்கும் கீழே, கடலடியில் மூழ்கிக் கிடந்த மரத்துண்டுகளில் கரங்களே இல்லாத, வட்டமான, சில மில்லிமீட்டர் அகலமே உடைய ஒரு முட்தோலி கிடைத்தது. சைலோபிளாக்ஸ் என்று பெயர்பெற்ற அதன் அமைப்பு எந்த வகுப்பிலும் பொருந்தாததாகத் தோன்றியதால், முட்தோலிகளில் ஆறாவது வகுப்பு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டதாக 1986இல் அறிவிக்கப்பட்டது. பின்னர் உடலமைப்பையும் மரபணுவையும் சேர்த்து ஆராய்ந்தபோது, அது உருச்சிறுத்து மாறுதலடைந்த நட்சத்திர மீனே என்ற கருத்து வலுப்பெற்று, ஆஸ்டிராய்டியா வகுப்பினுள்ளேயே அதற்கு இடம் அளிக்கப்பட்டது. ஏறக்குறைய 1,900 சிற்றினங்களைக் கொண்ட இவ்வகுப்பின் எல்லைக் கோடுகூட நம் வாழ்நாளிலேயே திருத்தி வரையப்பட்டிருக்கிறது.

இளம்பருவத்தைத் தனிப் பிராணி என்றும், இடுக்கியை ஒட்டுண்ணி என்றும், கடற்சொறியை உறவினன் என்றும், நான்கை ஒன்றென்றும் கருதிய தவறுகளையெல்லாம் இச்சாஸ்திரம் மறைக்காமல் பதிவு செய்து வைத்திருக்கிறது. முன்னவர் கண்டதைப் பின்னவர் மீண்டும் சோதித்துப் பார்ப்பதற்கு இடமளிக்கும் சான்றுகள் எஞ்சியிருந்தமையாலேயே அத்தவறுகள் திருந்தின. ஆதலால் பெயர்களைப் போலவே, பெயர்களுக்கு ஆதாரமான மாதிரிகளும், அவை கிடைத்த இடத்தையும் நாளையும் கூறும் சீட்டுகளும் காக்கப்பட வேண்டியவை. சட்டமும் இப்பெயர்களையே நம்பி நிற்கிறது. 2001இல் கடல் அட்டைகளுக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம் அளிக்கப்பட்டபோது, ஹோலோதூரியர் என்ற கூட்டம் முழுவதுமே ஒருசேரப் பாதுகாப்புக்கு உள்ளாயிற்று. எது அக்கூட்டத்தில் அடங்கும், எது அடங்காது என்று வகைப்பாட்டு அறிஞர் கூறாவிடில், காவலரோ நீதிபதியோ அச்சட்டத்தை எவ்வாறு நடத்த இயலும்?

அத்தகைய அறிஞர் நம் நாட்டில் மேலும் பலராக வேண்டும் என்பதே இச்சரித்திரத்தைக் கூறியதன் நோக்கம். மரபணுவைப் படிக்கும் கருவிகள் பெருகியுள்ள இக்காலத்தில், பிராணியைக் கையில் எடுத்து, தகடுகளையும் முட்களையும் இடுக்கிகளையும் எண்ணி, இன்னது என்று துணிந்து கூறும் பயிற்சி குறைந்துவிடலாகாது. ஒன்றுக்கொன்று துணையாக இரண்டும் வளர வேண்டும். இக்கல்விக்குக் கடற்கரையில் பிறந்திருக்க வேண்டிய அவசியமில்லை. லைப்சிக்கும் கடலற்ற நகரமே. லிங்க் தம் சேகரிப்பைக் கொண்டே இத்துறைக்கு அஸ்திவாரமிட்டார். கொங்கு நாட்டுப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் உள்ள ஆய்வுக்கூடக் கண்ணாடிச் சாடிகளில் நட்சத்திர மீன் இருக்குமாயின், ஆசிரியர்களும் மாணவர்களும் அதை வெளியில் எடுத்து, அதன் ஓரத் தகடுகளையும் கரங்களின் அமைப்பையும் நூலோடு ஒப்பிட்டு, அதன் முழுப் பெயரையும், கிடைத்த இடமும் நாளும் தெரிந்தால் அவற்றையும் சீட்டில் எழுதி ஒட்டட்டும். யாத்திரை செல்வோர், அலங்காரத்துக்காக உலர்த்தி விற்கப்படும் நட்சத்திரங்களை வாங்காது விடட்டும். வாங்குவோர் உள்ளவரை, உயிரோடிருந்து கடற்புல் தரையில் ஊர்ந்து திரிய வேண்டியவை வலையோடு கரைக்கு வந்துகொண்டேயிருக்கும். முன்பே வீட்டுக்கு வந்துவிட்டவற்றையேனும் குழந்தைகள் கையில் கொடுத்து, முழுப் பெயரைச் சொல்லி, அப்பெயரிலுள்ள மனிதர்கள் யார் என்று விளக்குவது பெரியோர் கடமை.